பிள்ளை வளர்ந்ததும் கிளினிக் மறந்துவிடும் பெண்கள்

தென்னாப்பிரிக்காவில் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போது அரசு கிளினிக் அவளை விடவே விடாது. எடை, பிரஷர், சிறுநீர், எச்ஐவி சோதனை, இரும்புச்சத்து மாத்திரை, போனுக்கு வரும் குறுஞ்செய்தி, எதிலும் குறை வைக்க மாட்டார்கள். பிறந்த பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டு முடியும்வரை இந்த உறவு நீடிக்கும். அப்புறம் பெரிய இடைவெளி. டர்பனைச் சுற்றி சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ டோங்காட்டிலோ இருக்கிற நம் இந்திய வம்சாவளிப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அடுத்து எப்போது கிளினிக்கில் உங்கள் பெயரில் அட்டை போட்டார்கள் என்று. ஐம்பதை ஒட்டி, தலைசுற்றலோ காலில் ஆறாத புண்ணோ வந்து, "உங்களுக்கு சுகர், ரொம்ப நாளாவே இருந்திருக்கும்" என்று சிஸ்டர் சொன்ன அன்றைக்குத்தான் என்பார்கள். நடுவில் போன அந்தப் பதினைந்து இருபது வருஷத்தில்தான் உடம்பு மாறியது, தடுத்திருக்கக்கூடியதைத் தடுக்கவும் அப்போதுதான் நேரம் இருந்தது.

இதை யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. 1994ல் மண்டேலா ஆட்சிக்கு வந்தவுடன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவத்தை இலவசமாக்கியது. 1996ல்தான் ஆரம்ப சுகாதார சேவை எல்லாருக்கும் இலவசம் என்று விரிந்தது. அதாவது தாயும் சேயும் முதலில், மற்றவர்கள் பிறகு. அன்றைக்கு இருந்த நிலைமைக்கு அது சரியான வரிசைதான். பின்னாலேயே எச்ஐவியும் காசநோயும் வந்து கிளினிக்குகளின் ஆள், பணம், நேரம் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டன. நாட்டிலேயே கடுமையாக அடிவாங்கிய மாகாணம் நம் குவாசுலு-நட்டால்தான். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த வேலை நடந்திராவிட்டால் எத்தனை வீடுகள் காலியாகியிருக்கும் என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் விளைவு என்னவென்றால், கர்ப்பமும் இல்லை, எச்ஐவியும் இல்லை, காசநோயும் இல்லை என்றால் நாற்பது வயதுப் பெண்ணைக் கூப்பிட கிளினிக்குக்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது.

இத்தனைக்கும் ஆரம்ப சுகாதாரம் என்ற யோசனைக்கே வழிகாட்டிய இடங்களில் ஒன்று இதே நட்டால். 1940ல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி, புல்வர் ஊருக்குப் பக்கத்தில் ஃபொலேலா என்ற இடத்தில் ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார்கள். நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. வீடு வீடாகப் போய்க் குடும்பக் கணக்கு எடுத்து, யார் என்ன சாப்பிடுகிறார்கள், தோட்டத்தில் என்ன விளைகிறது என்று பார்த்து, நோய் வருமுன் வேலையைத் தொடங்கினார்கள். உலகம் முழுக்க இன்று பாடமாகச் சொல்லிக்கொடுக்கும் முறை இது. நிறவெறி அரசுக்கு இது பிடிக்கவில்லை, பணம் வற்றியது, 1950களின் முடிவில் கார்க் தம்பதி நாட்டைவிட்டே போனார்கள். அவர்கள் வழி தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேசிப் பயனில்லை, விடுங்கள்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். டர்பனில் இந்திய வம்சாவளியினரை வைத்துச் செய்து 1994ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வயதைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்து பார்த்தால் பெரியவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை அது. 2016ல் நாடு முழுவதும் எடுத்த மக்கள்தொகை சுகாதாரக் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 46 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு, 68 சதவீதம் பேருக்கு எடை அதிகம். 2017ல் இந்நாட்டுப் பெண்களின் இறப்புக்கான இயற்கைக் காரணங்களில் சர்க்கரை நோய் முதலிடம். நன்றாகக் கவனியுங்கள், எச்ஐவியோ காசநோயோ இல்லை, சர்க்கரை நோய். கிளினிக் தேடாத வயதில் வளர்ந்த நோய் இப்படிப் பட்டியலின் தலைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது.

நமக்கு இதில் கூடுதல் சிக்கல் உண்டு. தெற்காசிய உடம்பு, அதே எடையுள்ள மற்றவர்களைவிட அதிகக் கொழுப்பையும் குறைந்த தசையையும் வைத்திருக்கிறது. கொழுப்பும் வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும்தான் போய்ச் சேர்கிறது. அதனால் உயரத்துக்கு ஏற்ற எடை என்று பார்க்கும் பிஎம்ஐ 25வரை பரவாயில்லை என்பது நமக்குப் பொருந்தாது, 23ஐத் தாண்டும்போதே கவனிக்க வேண்டும். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. பாவாடை நாடா வருஷக்கணக்கில் அதே இடத்தில்தான் முடிகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள், நாடா கட்டுவது வயிற்றுக்குக் கீழே. தையல் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபிறகு அளக்க வேண்டும். ஒல்லியாகத் தெரிகிற நம் பெண்களில் பலருக்கு இந்த அளவு 85, 90 இருக்கும். அவர்களைப் பார்த்து "உனக்கென்னம்மா, நீ ஈர்க்குச்சி" என்று சொல்லிச் சொல்லியே யாரும் ரத்தம் எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு முக்கியமான துப்பு பிரசவ காலத்தில் ஒளிந்திருக்கிறது. கர்ப்பத்தின்போது சர்க்கரை ஏறிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு, அப்படி ஏறாதவர்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம். பிள்ளை பிறந்ததும் சர்க்கரை இறங்கிவிடும், எல்லாரும் மறந்துவிடுவார்கள். பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து ஒரு சோதனை, அப்புறம் மூன்று வருஷத்துக்கு ஒருமுறையாவது தொடர்ந்து சோதனை என்பதுதான் முறை. அந்தக் குறிப்போ பிரசவக் கோப்போடு மருத்துவமனை அலமாரியில் தூங்குகிறது, கிளினிக்குக்கு அது வந்து சேருவதில்லை. ஆகவே கிளினிக்கில் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும்: எனக்கு இரண்டாவது பிள்ளையின்போது சுகர் இருந்தது, குழந்தை நாலு கிலோவுக்கு மேல், பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன் என்று. கர்ப்பகால ரத்தக்கொதிப்பும் அப்படித்தான், பிற்காலத்து இதய நோய்க்கு அது முன்னறிவிப்பு. உங்கள் மகள்களிடமும் இதைக் கேட்டு எழுதி வையுங்கள்.

எண்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் நம் குடும்பங்களில் தினமும் குழப்பம் நடக்கிறது. இங்கே சர்க்கரையை மில்லிமோலில் அளக்கிறார்கள், இந்தியாவில் மில்லிகிராமில். இங்கிருந்து பெரியம்மா "எனக்கு வெறும் வயித்துல ஒன்பதுதான்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னால், வேலூரில் இருக்கிற சொந்தக்காரர் நூற்று நாற்பதுக்கே பயப்படுகிறவர், ஒன்பதைக் கேட்டு "அட, ஒண்ணுமே இல்லியே" என்பார். ஒன்பதை 18ஆல் பெருக்கினால் 162. வெறும் வயிற்றில் 162 என்றால் அது சர்க்கரை நோய்தான். வெறும் வயிற்றில் 7.0 என்பது எல்லை, மில்லிகிராமில் 126. எந்த நேரத்தில் எடுத்தாலும் 11.1க்கு மேல் போய், தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் அதுவும் நோய். மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதத்தைத் தொட்டால் அதுவும் நோய்தான். கொலஸ்ட்ராலுக்கு வேறு பெருக்கல், ஏறக்குறைய 39. இங்கே 5 என்றால் அங்கே சுமார் 193. ஊரிலிருந்து வரும் ஆலோசனையைக் கேட்குமுன் அளவு எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மாதவிடாய் நிற்கும் காலம். மேற்கத்திய நாடுகளில் சராசரி 51 வயது என்பார்கள், இந்தியப் பெண்களிடம் செய்த ஆய்வுகளில் 46, 47 என்றுதான் வருகிறது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வரவில்லை என்றால் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதற்கு முந்தைய நாலைந்து வருஷம்தான் படுத்தி எடுக்கும். தேதி தவறும், சில மாதம் கொட்டித் தீர்க்கும், ராத்திரி மூன்று மணிக்கு உடம்பு கொதித்து வியர்த்து எழுப்பிவிடும், மூட்டு வலிக்கும், நெஞ்சு படபடக்கும். படபடப்புக்கு டாக்டரின் அறைக்குப் போனால், டாக்டர் நாலு நிமிஷம் கேட்டுவிட்டு "டென்ஷன்" என்று தூக்க மாத்திரை எழுதி அனுப்புவது இங்கே சர்வ சாதாரணம். கொட்டித் தீர்ப்பதால் ரத்தசோகை வந்திருக்கிறதா, தைராய்டு சரியாக இருக்கிறதா என்று இரண்டு சோதனை செய்துவிட்டு அப்புறம் டென்ஷன் என்று சொல்லலாம், தப்பில்லை.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது வெளியே தெரிவது சூடும் வியர்வையும். உள்ளே நடப்பது வேறு. கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுகிறது, கொழுப்பு தொடையிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறுகிறது, ரத்தக்குழாய் விறைக்கிறது, எலும்பு முதல் சில வருஷங்களில் வேகமாகக் கரைகிறது. அதுவரை ஆண்களைவிடக் குறைவாக இருந்த மாரடைப்பு அபாயம் இதற்குப் பிறகு அவர்களை எட்டிப் பிடிக்கிறது. நாற்பத்தைந்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டாலோ, கருப்பையோடு சூலகத்தையும் எடுத்துவிட்டாலோ, இதெல்லாம் இன்னும் சீக்கிரம் தொடங்கும், அவர்கள் கட்டாயம் டாக்டரோடு ஹார்மோன் சிகிச்சை பற்றிப் பேச வேண்டியவர்கள். இன்னொன்றும் உண்டு, பெண்களின் மாரடைப்பு எல்லா நேரமும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதாக இருக்காது. தாடை வலி, முதுகு வலி, மூச்சு வாங்கல், காரணமில்லாத களைப்பு, குமட்டல் என்று வரும். "கேஸ்" என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டு விடியும்வரை காத்திருந்தவர்கள் கதை எல்லாக் குடும்பத்திலும் ஒன்று இருக்கிறது.

ஹார்மோன் மாத்திரை என்றாலே புற்றுநோய் என்ற பயம் 2002ல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அந்த ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அதாவது மாதவிடாய் நின்று பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆனவர்கள்தான் அதில் அதிகம். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் மார்பகப் புற்றுநோய் கூடியது உண்மை, ஆனால் 10,000 பெண்களுக்கு வருஷத்துக்கு எட்டுப் பேர் என்ற அளவில். அறுபது வயதுக்குள், நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்கினால் கணக்கு வேறு என்று பிற்பாடு தெளிந்தது. எல்லாருக்கும் தேவையில்லை, மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்தவர்களுக்கு ஆகாது. ஆனால் மூன்று வருஷமாகத் தூங்காத பெண்ணிடம் "எல்லாரும் தாங்கினதுதானே" என்று சொல்வது மருத்துவம் ஆகாது.

இந்தக் கட்டுரையில் ஒரே விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: மாதவிடாய் நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் காட்ட வேண்டும். "திரும்ப வந்திருக்கு" என்று சந்தோஷப்பட்டவர்களும் உண்டு, கோயிலுக்குப் போக முடியாதே என்று மட்டும் கவலைப்பட்டவர்களும் உண்டு. இப்படி ரத்தம் படுகிறவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குக் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் இருக்கும். மீதி 91 பேருக்கு இல்லை, அதனால் பயந்து ஒளிய வேண்டாம். அந்த ஒன்பது பேரில் பெரும்பாலோருக்கு இது முதல் அறிகுறி, அந்தக் கட்டத்தில் கருப்பையை எடுத்தாலே பலருக்குக் குணமாகிவிடும். எடை அதிகமும் சர்க்கரையும் இந்தப் புற்றுநோயின் அபாயத்தைக் கூட்டுகின்றன என்பதால் நம் பெண்களுக்கு இது தூரத்து விஷயமில்லை.

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தேடும் பாப் ஸ்மியர் சோதனையின் கதையைப் பாருங்கள். 2000ல் வந்த தேசிய வழிகாட்டுதல்படி அரசு கிளினிக்கில் ஒரு பெண்ணுக்கு ஆயுளில் மூன்று இலவசச் சோதனை, முப்பதிலிருந்து பத்து வருஷத்துக்கு ஒன்றாக. முப்பது, நாற்பது, ஐம்பது. எச்ஐவி இருந்தால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, 2017ல் கொள்கையைப் புதுப்பித்தார்கள், அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸையே நேராகத் தேடும் சோதனைக்கு மாறுவதுதான் திசை. காகிதத்தில் குறைந்தபட்சத் திட்டம் என்றாலும் நல்ல திட்டம்தான், இந்தப் புற்றுநோய் மெதுவாக வளர்வதால் பத்து வருஷத்துக்கு ஒருமுறை பார்த்தாலும் நிறையப் பேரைக் காப்பாற்றலாம். நடைமுறையில் முப்பது வயதுச் சோதனை கைக்குழந்தையோடு தவறிப்போகும், நாற்பதில் யாரும் கூப்பிட மாட்டார்கள், ஐம்பதில் "இனிமே எனக்கு எதுக்கு?" என்று இவர்களே தட்டிக்கழிப்பார்கள். வைரஸ் எப்போதோ, இருபது வருஷத்துக்கு முன் வந்து தங்கியிருக்கும், கணவர் காலமாகிவிட்டார் என்பதால் அபாயம் போய்விடாது. ஒருமுறைகூடச் செய்யாத ஐம்பத்தைந்து வயதுப் பெண்தான் உண்மையில் வரிசையில் முதலில் நிற்க வேண்டியவர். 2014ல் அரசுப் பள்ளிகளில் நாலாம் வகுப்புச் சிறுமிகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடத் தொடங்கினார்கள், பேத்திக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது, ஆயாவுக்கு இந்தச் சோதனை மட்டும்தான்.

கூச்சம் ஒரு காரணம், அதைச் சின்ன விஷயமாகத் தள்ளக் கூடாது. 1936ல் எடின்பரோவில் மருத்துவம் படித்து முடித்து டர்பன் திரும்பிய டாக்டர் குணம் இந்நாட்டின் முதல் இந்தியப் பெண் மருத்துவர், நம் சமூகத்துப் பெண். அப்படி ஒருவர் வந்த பிறகுதான் சொல்லத் தயங்கியதைச் சொல்ல நம் பெண்களுக்கு ஓர் இடம் கிடைத்தது. இன்றைக்கு நிலைமை அதைவிட எவ்வளவோ மேல், கிளினிக்கில் இந்தச் சோதனையைச் செய்வது பெரும்பாலும் நர்ஸ் சிஸ்டர்தான். பெண்தான் பார்க்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. வலிக்கும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், மாதவிடாய் நின்ற பிறகு உலர்ந்துபோவதால் வலிக்கத்தான் செய்யும், சின்ன அளவுக் கருவி இருக்கிறது.

மார்பகத்துக்கு அரசு தரப்பில் எல்லாப் பெண்களையும் கூப்பிட்டு மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கும் திட்டம் இங்கே இல்லை. கிளினிக்கில் சிஸ்டர் கையால் சோதித்துப் பார்ப்பது உண்டு, கேட்டால் செய்வார்கள். கான்சா என்ற புற்றுநோய்ச் சங்கம் 1931லிருந்து இருக்கிறது, அவர்களிடமும் மார்பகச் சோதனையும் பாப் ஸ்மியரும் கிடைக்கும். கட்டி வலிக்காவிட்டால் ஆபத்தில்லை என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது, நேர்மாறானது, புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது.

இப்போது என் உண்மையான மனத்தாங்கலுக்கு வருகிறேன். 2014ல் அரசு நல்லதொரு திட்டம் கொண்டுவந்தது. நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் மாத்திரைக்காகக் கிளினிக் வரிசையில் காலை ஐந்து மணிக்கு நிற்க வேண்டாம், வீட்டுப் பக்கத்து மருந்துக்கடையிலோ வேறொரு மையத்திலோ தங்கள் பெயர் போட்ட பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போகலாம். தொடக்கத்தில் ஆறு மாத மருந்துச் சீட்டு, கோவிட் காலத்தில் பன்னிரண்டு மாதம்வரை நீண்டது. கூட்டம் குறைந்தது, வேலைக்குப் போகிற பெண்களுக்குப் பெரிய நிம்மதி. ஆனால் பொட்டலம் வாங்கும் இடத்தில் யாரும் பிரஷர் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பதில்லை. வருஷத்துக்கு ஓரிரு முறை கிளினிக்குக்குப் போகும்போதாவது பார்க்க வேண்டும், அன்றைக்கும் சீட்டைப் புதுப்பித்து அனுப்புவதோடு முடிந்துவிடுகிறது. வரிசை என்ற தொல்லை போனபோது அந்தத் தொல்லையோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரே பரிசோதனை வாய்ப்பும் சேர்ந்து போய்விட்டது.

தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை இதோடு வைத்துப் பாருங்கள். அங்கேயும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, ஆனால் கொண்டுவரும் பெண் தன்னார்வலர் கையில் பிரஷர் கருவியும் சுகர் கருவியும் இருக்கிறது. மருந்து தருவதும் அளப்பதும் ஒரே ஆளின் வேலை. அங்கே குறைகள் இருக்கும், நான் அதை மெச்சுவதற்காகச் சொல்லவில்லை. இங்கேயும் வார்டு வாரியாக வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கவனமெல்லாம் எச்ஐவி, காசநோய், கைக்குழந்தை என்பதிலேயே போகிறது. அவர்கள் பையில் ஒரு பிரஷர் கருவி வைப்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

அதுவரை, சீட்டு புதுப்பிக்கப் போகும் நாளில் நீங்களே கேட்டு வாங்குங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வருஷம் ஒருமுறை கண்ணின் உள்ளே பார்க்க வேண்டும், காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும், சிறுநீரகத்துக்கு ரத்தச் சோதனை, எச்பிஏ1சி. செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே போங்கள், காலைக் கண்ணெதிரே நீட்டினால் பார்க்காமல் விடுவது கஷ்டம்.

மாத்திரைகள் பற்றி வீட்டில் பேசாத விஷயங்கள் சில. பிரஷருக்கு எனலாப்ரில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் வரும், மாதக்கணக்கில் மிளகு ரசம் வைத்தாலும் போகாது, மாத்திரையை மாற்றினால் போய்விடும். இன்னொரு பிரஷர் மாத்திரையான அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். சிறுநீரைக் கூட்டும் தண்ணீர் மாத்திரையைக் கல்யாணத்தன்று, காவடியன்று, பஸ் பயணத்தன்று நம் பெண்கள் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள், கழிப்பறை தேடி அலைய முடியாது என்பதுதான் காரணம். சுகருக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், கால் மரத்துப்போவதை சுகர் நரம்பு வியாதி என்றே நினைத்துக்கொண்டிருப்போம், சைவமாக இருப்பவர்கள் இதைக் கேட்டுச் சோதித்துக்கொள்வது நல்லது. புரட்டாசி மாதம் முழுக்க மாமிசம் தொடாத வீடுகள் இங்கே இன்னும் ஏராளம், அதில் சனிக்கிழமை மாலைவரை பட்டினி கிடந்து பிறகு சோறும் வடையும் பாயசமும் என்று உட்காருகிறவர்கள் உண்டு. கிளிமெப்பிரைட் என்ற சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டு பட்டினி இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். விரதத்தை விடச் சொல்லவில்லை, மாதம் பிறக்குமுன் சிஸ்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் எய்டு என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இருப்பவர்கள் தப்பித்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். நம் ஆட்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருக்கிறது. பெரும்பாலான திட்டங்களில் மாமோகிராம், பாப் ஸ்மியர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் சோதனைகளுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு, சேமிப்புக் கணக்கைத் தொடாமல் வருவது. வருஷக் கடைசியில் அது பயன்படாமலே காலாவதியாகும். கணவரின் நெஞ்சுக்கு ஈசிஜி, பிள்ளையின் பல்லுக்குக் கம்பி எல்லாவற்றுக்கும் கூடவே போய்வருவார்கள், தனக்கென்று ஒரு நாள் குறிக்க மட்டும் நேரம் இருக்காது.

உணவைப் பற்றி நீட்டி முழக்க விருப்பமில்லை, எல்லாரும் எழுதுகிறார்கள். அரசு தன் பங்குக்கு ரொட்டி, சூப்புப் பொடி போன்றவற்றில் உப்புக்கு 2016 முதல் உச்சவரம்பு வைத்தது, 2018ல் இனிப்புப் பானங்களுக்கு வரி போட்டது. ஊறுகாய் ஜாடிக்கு யாரும் வரம்பு வைக்க முடியாது, அது நம் பொறுப்பு. எலும்புக்கு ஒன்று சொல்கிறேன்: நம் டர்பன் வீடுகளின் டின் மீன் குழம்பு. டப்பாவில் வரும் பில்சர்டு மீனின் முள் மெத்தென்று இருக்கும், அதை எடுத்துப் போடாமல் சேர்த்துச் சாப்பிட்டால் நல்ல கால்சியம். மதிப்புக்கூட்டு வரியும் கிடையாது, பயறு, பால், முட்டைக்கும் அப்படியே. மீன் சாப்பிடாதவர்கள் தயிர், கேழ்வரகு. வெயில் கொளுத்தும் நாட்டில் இருந்தும் நம்மவர்களுக்கு வைட்டமின் டி குறைவாக இருப்பதை ஜோகன்னஸ்பர்க் ஆய்வு ஒன்று காட்டியது, வெயிலில் நடங்கள், பாதுகாப்பான இடம் இல்லையென்றால் நாலு பேராகச் சேர்ந்து நடங்கள்.

அப்புறம், இருமினால் சிரித்தால் சொட்டுச் சிறுநீர் போவது. இதை அக்கா தங்கையிடம்கூடச் சொல்வதில்லை. பூஜைக்குப் போகுமுன் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பது, கடைசி வரிசையில் கதவோரம் உட்காருவது, கடைசியில் போவதையே நிறுத்திவிடுவது. வயதானால் அப்படித்தான் என்று விட வேண்டிய நோய் இல்லை இது. இடுப்புத்தள தசைகளுக்கான பயிற்சியை மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்குக் கணிசமாகக் குறையும், அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபி பிரிவில் சொல்லிக்கொடுப்பார்கள், கிளினிக்கிலிருந்து கடிதம் வாங்கிப் போக வேண்டும். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறவர்களுக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் உதவும்.

எழுபதைத் தாண்டியவர்களுக்குக் கணக்கு திரும்பி ஓடும். அதுவரை சர்க்கரையை இறக்கு இறக்கு என்றவர்கள் இப்போது கொஞ்சம் விட்டுப்பிடிப்பார்கள், தளர்ந்த உடம்பில் எச்பிஏ1சி 8 வரை இருந்தாலும் பரவாயில்லை, தாழ்ந்துபோய்க் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் பெரிய ஆபத்து. டாக்டர் மாத்திரையைக் குறைத்தால் "வயசானவங்கன்னு கை கழுவுறாங்க" என்று பிள்ளைகள் சண்டைக்குப் போக வேண்டாம். கண்புரை, வழுக்கும் குளியலறை, ராத்திரி விளக்கில்லாத நடை, இவற்றைப் பாருங்கள். குளிர்காலத்துக்கு முன்னால், மார்ச் ஏப்ரலில், ஃப்ளூ ஊசி அரசு கிளினிக்குகளுக்கு வரும். 65 தாண்டியவர்களுக்கும் சர்க்கரை, இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் இலவசம், சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் ஈஸ்டர் திருவிழாவுக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரமே போய்விடுங்கள், அம்மாவைக் கூட்டிப்போகும் மகளும் அன்றைக்கே தன் பிரஷரைப் பார்க்கச் சொல்லிவிட்டு வரலாம்.